மதுவிலக்கும் கல்லீரலும்: பம்பாய் வரலாற்றில் ஓர் ஏடு

மகாராஷ்டிர மாநிலத்தில் அயல்நாட்டு வகை மதுவை வாங்கி அருந்துவோர்க்கு அரசின் அனுமதிச் சீட்டு ஒன்று வேண்டும் என்பது இன்றும் சட்டம். அச்சீட்டைக் கண்ணால் காணாதவர் நம்மிடையே பலர். கண்டவரும் அதிலுள்ள வாசகத்தைப் படித்திருப்பார்களோ, ஐயமே. மது அருந்துவதற்கு அனுமதி எதன் பொருட்டு வழங்கப்படுகிறது என்றால், உடல்நலத்தைப் பாதுகாத்துப் பேணுதற்பொருட்டு என்று அதில் குறிக்கப்பட்டிருக்கிறது. மதுவை விலக்க எழுந்த சட்டமே, உடல்நலத்தின் பெயரால் மதுவுக்கு ஒரு வாயிலையும் திறந்து வைத்தது.

இந்த முரண்பாடு எவ்வாறு நேர்ந்தது? அச்சட்டம் பிறந்த நாளில், மது உடலுக்குள், சிறப்பாகக் கல்லீரலுக்குள், என்ன செய்கிறது என்பதை மருத்துவ உலகம் எவ்வளவு அறிந்திருந்தது? அதற்குப் பின் அறிந்தவை யாவை? மாதுங்காவிலும் தாராவியிலும் செம்பூரிலும் வாழும் தமிழர்க்கு இவ்வினாக்கள் அயலார் கதை அல்ல. நம் முன்னோர் இந்நகருக்கு வந்து குடியேறிய காலமும், பம்பாயில் மதுவை விலக்கியும் பின்னர் தளர்த்தியும் அரசுகள் நடந்துவந்த காலமும் ஒன்றே.

சட்டம் வந்த வழி

பம்பாய் மாகாணத்தில் மதுவை அரசின் கட்டுக்குள் கொணர்ந்தது 1878-ஆம் ஆண்டின் ஆப்காரிச் சட்டம். அதற்கு முன் மகுவாப் பூவைக் காய்ச்சிச் சாராயம் வடித்தலும், பண்டாரி சமூகத்தார் தென்னையிலும் பனையிலும் கள் இறக்குதலும் பெரும்பாலும் ஊர்த் தொழில்களாகவே இருந்தன. சட்டம் வந்தபின் அவை அரசின் வருவாய்க்கு ஊற்றாயின. ஏழை உழைப்பாளியின் கூலியில் ஒரு பங்கு அரசின் கருவூலத்துக்கு இவ்வழியே சென்று சேர்வதைக் கண்டுதான் காந்தியடிகள் மதுவிலக்கைத் தேசிய இயக்கத்தின் உயிர்க் கொள்கைகளுள் ஒன்றாக்கினார்.

1937-இல் பம்பாயில் பி. ஜி. கேர் தலைமையில் காங்கிரஸ் அமைச்சரவை அமைந்தது. ஆப்காரித் துறையையும் சுகாதாரத் துறையையும் ஏற்றவர் டாக்டர் எம். டி. டி. கில்டர். அவர் பெயர்பெற்ற இதயநோய் மருத்துவர். 1939 ஆகஸ்டு முதல் நாள் பம்பாய் நகரில் மதுவிலக்கு நடைமுறைக்கு வந்தது. அவ்வாண்டிலேயே உலகப் போர் மூண்டது. அமைச்சரவையும் பதவி விலகியது. எடுத்த காரியம் இடையில் நின்றது. விடுதலைக்குப் பின், மொரார்ஜி தேசாய் உள்துறை அமைச்சராக இருந்த காலத்தில், 1949-ஆம் ஆண்டின் பம்பாய் மதுவிலக்குச் சட்டம் நிறைவேறியது. 1950 ஏப்ரலில் பம்பாய் மாநிலம் முழுவதிலும் மதுவிலக்கு நிலைபெற்றது.

நம் தாயகத்திலும் நிலைமை இதுவே. சென்னை மாகாணத்தில் இராஜாஜி 1937 அக்டோபர் முதல் நாள் சேலம் மாவட்டத்தில் மதுவிலக்கைத் தொடங்கினார். அதனால் இழந்த வருவாயை ஈடுசெய்ய 1939-இல் விற்பனை வரியை விதித்தார். ஓமந்தூர் இராமசாமி ரெட்டியார் முதலமைச்சராக இருந்தபோது, 1948-இல் மாகாணம் முழுவதற்கும் மதுவிலக்கு பரவியது. ஆகவே, 1950-களில் திருநெல்வேலிச் சீமையிலிருந்து இரயிலேறித் தாராவிக்கு வந்து தோல் பதனிடும் தொழிலில் அமர்ந்த ஒருவருக்குப் புறப்பட்ட ஊரிலும் மது விலக்கப்பட்ட பொருள். வந்து சேர்ந்த ஊரிலும் விலக்கப்பட்ட பொருள்.

விலக்கப்பட்டதே அன்றி, மது மறைந்துவிடவில்லை. மாகிம் கழிமுகமும் சதுப்பு நிலமும் சூழ்ந்த தாராவியின் ஓரங்களில் கள்ளச் சாராயம் காய்ச்சுதல் ஒரு மறைமுகத் தொழிலாயிற்று. அழுகிய வெல்லமும் நவச்சாரமும் ஊறலுக்குப் பயன்பட்டன. வடித்த சாராயம் வண்டிச் சக்கரங்களின் ரப்பர்க் குழாய்களில் நகரெங்கும் சென்றது. இதனைக் கொண்டு தாராவியைக் குடியர் ஊர் என்று எண்ணுதல் பெருந்தவறு. அங்கு வாழ்ந்தோரில் மிகப் பலர் தோலிலும் மண்ணிலும் நூலிலும் கை தேய்ந்த உழைப்பாளிகள். காய்ச்சிய இடம் தாராவியாக இருந்தாலும், குடித்த இடம் பம்பாய் முழுவதும் என்பதே உண்மை.

மூக்கிலிருந்து குருதிக்கு

குடித்தலையே குற்றமாக்கிய சட்டத்துக்கு முதலில் எழுந்த இடர்ப்பாடு, ஒருவன் குடித்தான் என்பதை எவ்வாறு மெய்ப்பிப்பது என்பதாகும். தொடக்கத்தில் காவலரும் மருத்துவரும் நம்பியது மூக்கை. வாயில் மது நாற்றம் இருந்தால் குடித்தான் என்று கொண்டனர்.

1951-இல் உச்ச நீதிமன்றம் பால்சாரா வழக்கில் தீர்ப்பளித்தது. மதுவிலக்குச் சட்டத்தின் பெரும்பகுதி செல்லும் என்று அது முடிவு செய்தது. எனினும், மதுசாரம் கலந்த மருந்துகளையும் ஒப்பனைப் பொருள்களையும் பயன்படுத்துவதைத் தடுக்கும் பகுதிகள் செல்லா என்று நீக்கியது. இதன் விளைவு பெஸிகாகா வழக்கில் வெளிப்பட்டது. 1951 மே மாதத்தில் போக்குவரத்துத் துறை அதிகாரி ஒருவர் ஓட்டிச் சென்ற ஜீப் கொலாபாப் பகுதியில் பாதசாரிகள் மீது மோதிற்று. அவர் வாயில் மது நாற்றம் இருந்தது என மருத்துவர் கண்டார். அவரோ, தாம் அருந்தியது மதுசாரம் கலந்த ஒரு சத்து மருந்தே என்றார். 1954-இல் உச்ச நீதிமன்றம், அருந்தியது விலக்கப்பட்ட மதுவே என்று மெய்ப்பிக்கும் பொறுப்பு அரசுத் தரப்பைச் சார்ந்தது என்று முடிவு செய்தது. நாற்றம் ஒன்றே சான்றாகாது என்பதாயிற்று.

எனவே, 1959-இல் சட்டம் திருத்தப்பெற்றது. ஒருவரது குருதியில் மதுசாரத்தின் அளவு 0.05 சதவீதத்துக்குக் குறையாமல், அதாவது 100 மில்லிலிட்டர் குருதியில் 50 மில்லிகிராமுக்குக் குறையாமல், இருப்பதாக மெய்ப்பிக்கப்பட்டால், தாம் அருந்தியது மருந்தே என்று காட்டும் பொறுப்பு அவரைச் சார்ந்தது என்று வகுத்தனர். மூக்கின் இடத்தைக் குருதிச் சோதனை பிடித்துக்கொண்டது. வண்டி ஓட்டுவோர்க்கு நாடெங்கும் இன்று உள்ள வரம்பு இதனினும் கடுமையானது: 100 மில்லிலிட்டர் குருதியில் 30 மில்லிகிராம்.

இங்கேதான் சட்ட வரலாறு கல்லீரலின் வாயிலில் வந்து நிற்கிறது. குருதியில் மதுசாரம் எவ்வளவு ஏறும் என்பது குடித்த அளவையும் உடல் எடையையும் வயிற்றில் உள்ள உணவையும் பொறுத்தது. ஏறியது எவ்வளவு நேரத்தில் இறங்கும் என்பதோ, ஏறத்தாழ முழுவதும் கல்லீரலின் கையில் இருக்கிறது.

அவசரப்படாத உறுப்பு

இக்கணக்கை அளந்து காட்டியவர் சுவீடன் நாட்டின் லுண்ட் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த விட்மார்க் என்ற அறிஞர். 1932-இல் அவர் வெளியிட்ட நூல், குருதியில் மதுசாரத்தின் ஏற்ற இறக்கத்தை ஆராய்வோர்க்கு இன்றளவும் அடிப்படையாக விளங்குகிறது. மற்றப் பல பொருள்கள் உடலில் மிகுந்தால் மிகுந்த வேகத்திலும் குறைந்தால் குறைந்த வேகத்திலும் கழியும். மதுசாரம் அவ்வாறன்று. அது மணிக்கு இவ்வளவு என்ற ஏறத்தாழ மாறா வேகத்தில் கழிகிறது. சராசரி மனிதரின் குருதியில் மணி ஒன்றுக்கு 0.015 சதவீதம் குறையும். உடல் முழுவதையும் கொண்டு கணக்கிட்டால் மணிக்கு 7 முதல் 10 கிராம் மதுசாரம் கழியும்.

இதனை நடைமுறையில் பொருத்திப் பார்ப்போம். கடைகளில் ‘குவார்ட்டர்’ என்று வழங்கும் 180 மில்லிலிட்டர் புட்டியில், நம் நாட்டு வழக்கப்படி 42.8 சதவீத மதுசாரம் இருக்கும். எடையில் அது ஏறத்தாழ 60 கிராம். இரவு 10 மணிக்கு அதனை அருந்தி முடித்தவரின் கல்லீரல், அக்கணக்கைத் தீர்ப்பதற்கு மறுநாள் காலை 4 மணி முதல் 7 மணி வரை ஆகும். 650 மில்லிலிட்டர் கொண்ட 8 சதவீத பீர்ப் புட்டியில் 40 கிராமுக்குக் குறையாத மதுசாரம் உண்டு. ‘பீர்தானே’ என்போர் இதனை நினைத்தல் நலம். எலுமிச்சைச் சாறும் கடுங்காப்பியும் குளிர்ந்த நீர்க் குளியலும் விழிப்பைத் தரலாம். கல்லீரலின் வேகத்தைச் சிறிதும் கூட்டமாட்டா.

கல்லீரலுக்குள் நிகழ்வது

வயிற்றின் வலப்புறத்தில், விலா எலும்புகளின் கீழே, ஏறத்தாழ 1.5 கிலோகிராம் எடையுடன் அமைந்திருப்பது கல்லீரல். உண்ட உணவிலிருந்து குடல் உறிஞ்சும் சத்துக்களில் பெரும்பகுதி குருதி வழியாக முதலில் வந்து சேருமிடம் அது. சர்க்கரையைச் சேமித்தல், தேவையானபோது புதிதாய் ஆக்குதல், கொழுப்பை எரித்தல், புரதங்களை உண்டாக்கல், நஞ்சை முறித்தல் ஆகிய தொழில்கள் யாவும் அங்கு நடைபெறுகின்றன. அச்சம் மிகுந்தால் ‘ஈரக்குலை நடுங்குகிறது’ என்று நம்மவர் சொல்வது வெறும் வழக்கன்று. உயிரின் ஆதாரங்களுள் ஒன்று அது என்ற அறிவு அச்சொல்லில் இருக்கிறது.

அருந்திய மதுசாரத்தில் மூச்சிலும் சிறுநீரிலும் வியர்வையிலும் வெளியேறுவது சிறு பங்கே. 90 சதவீதத்துக்கு மேற்பட்டது உடலிலேயே மாற்றம் அடைய வேண்டும். அம்மாற்றம் பெரும்பாலும் கல்லீரலில் இரண்டு படிகளில் நிகழ்கிறது. முதற்படியில் ஒரு நொதி அதனை அசிட்டால்டிஹைடு என்ற பொருளாக்குகிறது. மதுசாரத்தினும் கொடிய நஞ்சு இது. இரண்டாம் படியில் வேறொரு நொதி இந்நஞ்சை அசிட்டேட்டாக மாற்றுகிறது. அசிட்டேட்டு குருதியில் கலந்து, தசைகளில் எரிந்து, கரியமில வாயுவும் நீருமாகிறது.

இவ்வளவோடு முடியுமானால் தீங்கு சிறிதே. ஆனால், இரு படிகளிலும் நொதிகள் செய்யும் வேலை, மதுசாரத்திலிருந்து ஹைட்ரஜனைப் பிரித்தெடுத்தலாகும். பிரித்த ஹைட்ரஜனைச் சுமந்து செல்ல ஒரு துணைநொதி இருக்கிறது. இதனை இரயில் நிலையத்துச் சுமைகூலிகளுக்கு ஒப்பிடலாம். நிலையத்திலுள்ள கூலிகள் எல்லாரும் ஒரே வணிகரின் மூட்டைகளைத் தூக்கிக்கொண்டு நின்றால் மற்றப் பயணிகளின் பெட்டிகள் மேடையிலேயே கிடக்கும் அல்லவா? மது வந்தவுடன் கல்லீரலில் இதுவே நேர்கிறது. துணைநொதிகள் மதுவின் ஹைட்ரஜனைச் சுமந்து நிற்க, கல்லீரலின் ஏனைய அலுவல்கள் தடைப்படுகின்றன. அத்தடையால் வரும் கேடுகள் மூன்றைக் குறிப்பிடுவோம்.

முதலாவது, சர்க்கரை ஆக்கம் நின்றுபோதல். உண்ணாதிருக்கும்போது கல்லீரல் தன் சேமிப்பிலிருந்து சர்க்கரையைக் குருதிக்கு அளிக்கும். சேமிப்பு ஒரு நாளுக்குள் தீர்ந்துவிடும். தீர்ந்தபின் புதிதாய் ஆக்கித் தரவேண்டும். அவ்வாக்கத்தை மது தடுக்கிறது. பகலெல்லாம் உழைத்து, சரியாக உண்ணாமல், மாலையில் வெறும் வயிற்றில் குடிக்கும் தொழிலாளிக்குக் குருதிச் சர்க்கரை அபாய அளவுக்கு இறங்கக்கூடும். அவர் மயங்கி விழுந்தால், சுற்றியிருப்போர் ‘போதை, தூங்கித் தெளியட்டும்’ என்று விட்டுவிடுகின்றனர். போதைக்கும் சர்க்கரைக் குறைவுக்கும் வெளித்தோற்றம் ஒன்றே. எழுப்பியும் எழாத குடியரை மருத்துவமனைக்குக் கொண்டு செல்வதே உயிர்காக்கும் வழி.

இரண்டாவது, குருதியில் லாக்டிக் அமிலம் மிகுதல். அது சிறுநீரகம் யூரிக் அமிலத்தை வெளியேற்றுவதைக் குறைக்கிறது. கால் பெருவிரல் வீங்கித் துடிக்கும் ‘கௌட்’ என்னும் மூட்டுநோய் குடிப்பவரிடம் மிகுதியாகக் காணப்படுவதற்கு இஃது ஒரு காரணம்.

மூன்றாவது, கொழுப்புப் படிதல். கொழுப்பை எரிக்கும் வேலை தடைப்பட, புதுக் கொழுப்பை ஆக்கும் வேலை தூண்டப்பட, எரியாத கொழுப்புத் துளிதுளியாகக் கல்லீரல் அணுக்களில் தேங்குகிறது. மிகுதியாகக் குடிப்போரில் ஏறத்தாழ அனைவர்க்கும் இந்நிலை வருகிறது. வலியில்லை, காய்ச்சலில்லை, காமாலையும் இல்லை. கல்லீரல் வாய்திறந்து முறையிடும் உறுப்பன்று.

நாள்தோறும் மிகுதியாகக் குடிப்பவரிடம் மற்றொன்றும் நிகழ்கிறது. கல்லீரல் மதுவைக் கையாள இரண்டாம் பாதை ஒன்றை விரிவாக்கிக்கொள்கிறது. 1968-இல் நியூயார்க்கைச் சேர்ந்த லீபர், டிகார்லி என்ற ஆய்வாளர்கள் இப்பாதையை விளக்கினர். ‘எனக்கு எவ்வளவு குடித்தாலும் ஏறாது’ என்று சிலர் பெருமை பேசுவதற்கு இதுவும் ஒரு காரணம். அது வலிமையின் அடையாளம் அன்று. அப்பாதையில் மது எரியும்போது அணுக்களைச் சிதைக்கும் நச்சு மூலக்கூறுகள் பெருகுகின்றன. தலைவலிக்கும் காய்ச்சலுக்கும் நாம் எளிதாக விழுங்கும் பாராசிட்டமால் மாத்திரையின் ஒரு பகுதியையும் இப்பாதையே நஞ்சாக்குகிறது. ஆகையால், பெருங்குடியர்க்கு அம்மாத்திரை, மற்றவர்க்குத் தீங்கு செய்யாத அளவிலும், தீங்கு செய்யக்கூடும்.

அறிஞர் தடுமாறிய கதை

மதுவால் கல்லீரல் கெடும் என்பதைக் கண்கூடாகக் கண்டு எழுதியவருள் முற்பட்டவர் மாத்யூ பெய்லி என்ற பிரிட்டிஷ் மருத்துவர். 1793-இல் வெளியிட்ட நூலில், இறுகிச் சுருங்கிய கல்லீரலுக்கும் சாராயக் குடிக்கும் உள்ள தொடர்பை அவர் குறித்தார். 1819-இல் பிரெஞ்சு மருத்துவர் லென்னெக் அந்நோய்க்குச் ‘சிரோசிஸ்’ என்று பெயரிட்டார். கல்லீரல் பெறும் பழுப்பு மஞ்சள் நிறத்தைக் குறிக்கும் கிரேக்கச் சொல்லிலிருந்து அமைந்தது அப்பெயர்.

இத்தனை பழைய அறிவு இருபதாம் நூற்றாண்டின் இடைப்பகுதியில் திசைமாறியது வியப்பே. குடிப்பவர் சரிவர உண்பதில்லை. ஆகவே அவர் கல்லீரலைக் கெடுப்பது மது அன்று, சத்துக்குறைவே என்ற கொள்கை அக்காலத்தில் ஓங்கி நின்றது. 1949-இல், இன்சுலினைக் கண்டுபிடித்தவருள் ஒருவரான கனடாவின் சார்லஸ் பெஸ்டும் அவர் குழுவினரும் எலிகளில் நடத்திய ஆய்வை வெளியிட்டனர். கல்லீரல் அணுக்களுக்குத் தூய மதுசாரம் நேரடி நஞ்சு என்று கொள்வதற்கு, சர்க்கரை நஞ்சு என்று கொள்வதற்குள்ள சான்றைவிட மிகுதியான சான்று இல்லை என்பது அவர்கள் கருத்தின் சாரம்.

ஆண்டை நோக்குக: 1949. பம்பாய்ச் சட்டமன்றம் மதுவிலக்குச் சட்டத்தை நிறைவேற்றிய அதே ஆண்டில், உலகப் புகழ்பெற்ற ஓர் ஆய்வுக்கூடம் மதுவைக் கல்லீரல் வழக்கிலிருந்து ஏறக்குறைய விடுவித்திருந்தது. மதுவிலக்கை வற்புறுத்தியோர் அறத்தையும் ஏழையின் குடும்பத்தையும் முன்னிறுத்திப் பேசினர். உடல்நலத்தைப் பேணுதற்கு மது என்ற வாசகம் மருத்துவச் சான்றுடன் அனுமதிச் சீட்டில் ஏறியதும், நல்ல உணவோடு அளவாக அருந்தினால் கேடில்லை என்று படித்தவர் பலர் நம்பியதும், அக்காலத்து அறிவு நிலைக்குப் பொருந்தியவையாகவே தோன்றியிருக்கும்.

அந்நம்பிக்கையைத் தகர்த்தவர், பெல்ஜியத்தில் பிறந்து அமெரிக்காவில் குடியேறிய மேற்குறித்த சார்லஸ் லீபர். 1960-களில் தாமே முன்வந்த மனிதர்க்குச் சத்து நிறைந்த உணவோடு மதுவும் கொடுத்து அவர் ஆராய்ந்தார். உணவில் குறையில்லாதிருந்தும் சில நாள்களுக்குள்ளேயே கல்லீரலில் கொழுப்புப் படிவதைக் கண்டார். 1974-இல், உணவில் குறை வைக்காமல் ஆண்டுக்கணக்கில் மது ஊட்டப்பெற்ற பபூன் குரங்குகள் சிலவற்றுக்குச் சிரோசிஸ் நோயே வந்ததை அவரும் ரூபின் என்பவரும் வெளியிட்டனர். சத்துக்குறைவு கேட்டை விரைவுபடுத்தும் என்பது உண்மை. ஆனால், சத்துள்ள உணவு மதுவின் நஞ்சுக்குக் கவசமாகாது என்பது அன்று தெளிவாயிற்று.

இக்கண்டுபிடிப்பு நம்மிடையே வழங்கும் இரண்டு எண்ணங்களை ஒருங்கே வீழ்த்துகிறது. ‘உடம்பு வலிக்கு மருந்து’ என்று குடிப்பவர் தாராவியில் இருக்கலாம். ‘உயர்ந்த சரக்கு, நல்ல உணவு, நமக்கு ஒன்றும் ஆகாது’ என்று குடிப்பவர் செம்பூரின் அடுக்குமாடியில் இருக்கலாம். புட்டியின் விலையைக் கல்லீரல் அறியாது. அது அறிவது மதுசாரத்தின் கிராம்களை மட்டுமே.

இவ்விடத்தில் ஓர் எச்சரிக்கையும் வேண்டும். கல்லீரல் நோயுற்றார் அனைவரும் குடித்தவர் அல்லர். ஒரு காலத்தில் தென்னாட்டுக் குடும்பங்களில், மதுவின் வாடையே அறியாத வீடுகளில், பச்சிளங் குழந்தைகள் ‘ஈரல்கட்டி’யால் மாண்டனர். ஜம்மி மருந்தைத் தேடித் தாய்மார் அலைந்ததை முதியோர் நினைவுகூர்வர். ஈயம் பூசாத பித்தளை, செம்புப் பாத்திரங்களில் காய்ச்சிய பாலின் வழியே சேர்ந்த செம்புக்கும் அந்நோய்க்கும் உள்ள தொடர்பைப் புனேயில் பணிபுரிந்த மருத்துவர்களும் பிரிட்டிஷ் அறிஞரும் 1980-களில் நிறுவினர். கிருமியால் வரும் காமாலை வகைகளும் உடற்பருமனும் நீரிழிவும் இன்று கல்லீரலைக் கெடுக்கும் பிற காரணங்கள். நோயாளியின் நடத்தையை ஐயுற்று அவரைத் தலைகுனியச் செய்தல் அறமும் அன்று, அறிவும் அன்று.

ஒரே நொதி, இரு நஞ்சுகள்

1960-இல் பம்பாய் மாநிலம் மகாராஷ்டிரம், குஜராத் என இரண்டாகப் பிரிந்தது. குஜராத்தில் மதுவிலக்கு இன்றும் தொடர்கிறது. மகாராஷ்டிரம் 1960-களின் இடைப்பகுதி முதல் படிப்படியாகத் தளர்த்தியது. தமிழ்நாட்டில் 1971-இல் மதுவிலக்குத் தளர்த்தப்பட்டு, மீண்டும் வந்து, 1980-களில் மீண்டும் தளர்ந்தது. 2003 முதல் அரசு நிறுவனமே சில்லறைக் கடைகளை நடத்திவருகிறது. கடைகள் பெருகியபோதும், கடை மதுவை வாங்க இயலாத ஏழைகளிடம் கள்ளச் சாராயம் நின்றபாடில்லை.

விலக்கு நிலவிய நாளிலேயே, மரச்சாமான்களுக்குப் பூசும் ‘பிரெஞ்சு பாலிஷ்’, வார்னிஷ் முதலியவற்றைக் குடிக்கும் கொடுமை பம்பாயில் இருந்தது. அவற்றையும் மதுவிலக்குச் சட்டத்தில் சேர்க்க வேண்டியதாயிற்று. 2015 ஜூனில் மலாடு மால்வணிப் பகுதியில் கள்ளச் சாராயம் குடித்த 100-க்கும் மேற்பட்டோர் இறந்தனர். 2024 ஜூனில் தமிழ்நாட்டின் கள்ளக்குறிச்சியில் 60-க்கும் மேற்பட்டோர் இறந்தனர். இரண்டு இடங்களிலும் கொன்றது மெத்தனால் என்னும் தொழிற்சாலை எரிசாராயம்.

மெத்தனாலும் குடிக்கும் மதுசாரமும் உடன்பிறந்தவை போன்றவை. நிறத்தாலும் சுவையாலும் பிரித்தறிதல் அரிது. மெத்தனால் தன்னளவில் பெருநஞ்சு அன்று. அதனைக் கொல்லும் நஞ்சாக்குவது நம் கல்லீரலே என்பதுதான் இதிலுள்ள அவலம். மதுசாரத்தை மாற்றும் அதே நொதி, மெத்தனாலை முதலில் பார்மால்டிஹைடாக்குகிறது. பின்னர் அது பார்மிக் அமிலமாகிறது. அவ்வமிலம் கண் நரம்பை எரித்துக் குருடாக்குகிறது. குருதியைப் புளிக்கச் செய்து உயிரை வாங்குகிறது. இம்மாற்றம் மெல்ல நிகழ்வதால், குடித்து 12 மணி, சிலபோது 24 மணி கழிந்த பிறகே கண் மங்கலும் மூச்சுத் திணறலும் தோன்றும். ‘நேற்றுக் குடித்தது, நன்றாகத்தானே இருந்தான்’ என்று உறவினர் கூறுவது இதனால்தான்.

மருத்துவமும் இந்நொதியைக் கொண்டே நடைபெறுகிறது. அந்நொதிக்கு மெத்தனாலைவிட மதுசாரத்தின்மீது பற்று மிகுதி. ஆகவே, மருத்துவமனையில் தூய மதுசாரத்தை அளந்து கொடுத்தோ, போமெபிசோல் என்ற மருந்தைச் செலுத்தியோ அந்நொதியை வேறு வேலையில் பிணித்துவிட்டால், மெத்தனால் நஞ்சாகுமுன் வெளியேற வழி கிடைக்கும். காலம் தவறாது சென்றால் மட்டுமே இது பயன்படும். ஒரே இடத்தில் குடித்த ஒருவர்க்குக் கண் மங்கினால், அங்குக் குடித்த மற்றவர் அனைவரும், நலமாக இருப்பதாகத் தோன்றினும், உடனே மருத்துவமனைக்குச் செல்லவேண்டும்.

மீளும் எல்லை

கல்லீரல் கெடுவதில் படிகள் உண்டு. கொழுப்புப் படிதல் முதற்படி. அணுக்கள் வீங்கி அழல்தல் அடுத்தது. பின்னர் நார்த்தசைகள் பரவி, கல்லீரல் முடிச்சு முடிச்சாக இறுகிவிடுகிறது, அதுவே சிரோசிஸ். குடலிலிருந்து வரும் குருதிக்கு வழி அடைபட, வயிற்றில் நீர் கோத்து மகோதரமாகிறது. உணவுக்குழாயின் நாளங்கள் புடைத்து வெடித்துக் குருதி வாந்தியாகிறது. மிகுதியாகக் குடிப்போர் அனைவரும் இக்கடைசிப் படிக்கு வருவதில்லை. நூற்றுக்குப் பத்து முதல் இருபது பேர் வருகின்றனர். அவருள் தாம் இருப்போமா என்று முன்கூட்டி அறியும் வழி எவர்க்கும் இல்லை. பெண்கள் ஆண்களைவிடக் குறைந்த அளவிலேயே கேட்டை அடைகின்றனர். மது புற்றுநோய்க்கும் காரணம் என்று 1988-இல் பன்னாட்டுப் புற்றுநோய் ஆய்வு முகமை வகைப்படுத்தியது. தீங்கற்ற அளவு என்று எதனையும் கூற இயலாது என்று உலகச் சுகாதார நிறுவனம் 2023-இல் அறிவித்தது.

இவ்வரலாற்றில் ஆறுதல் தரும் செய்தி ஒன்றும் உண்டு. கொழுப்புப் படிந்த கல்லீரல், மதுவை நிறுத்திய சில வாரங்களில் பெரும்பாலும் பழைய நிலைக்குத் திரும்பிவிடுகிறது. நார் படர்ந்த பிறகும், நிறுத்தியவர் நிறுத்தாதவரைக் காட்டிலும் நெடுநாள் வாழ்கின்றனர். ஆகவே காலம் கடந்துவிட்டது என்று எவரும் மனம் தளர வேண்டுவதில்லை. ஆயினும், ஆண்டுக்கணக்கில் நாள்தோறும் மிகுதியாகக் குடித்தவர் திடீரென நிறுத்தினால் நடுக்கமும் வலிப்பும் பிதற்றலும் வந்து உயிருக்கே இடராகலாம். மருத்துவர் துணையோடு நிறுத்துவதே முறை. தாராவியை அடுத்து, சயான் மருத்துவமனை என்று நாம் வழங்கும் லோகமான்ய திலகர் மாநகராட்சிப் பொது மருத்துவமனை 1947 முதல் எளியவர்க்கு மருத்துவம் செய்துவருகிறது. அத்தகைய இடங்களில் ஒரு சிறு குருதிச் சோதனையால் கல்லீரலின் நிலையை ஓரளவு அறிந்துகொள்ளலாம்.

1949-இன் சட்டம் இன்று மகாராஷ்டிர மதுவிலக்குச் சட்டம் என்ற பெயரில் நிலவுகிறது. அனுமதிச் சீட்டின் வாசகமும் நிற்கிறது. அதனை எழுதிய காலத்தின் அறிவு வேறு. நம் காலத்தின் அறிவு வேறு. ஊரைவிட்டு வந்து இந்நகரில் உழைத்து, பிள்ளைகளைப் படிக்கவைத்து, ஊருக்கும் பணம் அனுப்பும் குடும்பங்களுக்கு உழைப்பவரின் உடம்பே முதல். அவ்வுடம்பின் வரவு செலவை ஓசையின்றி எழுதிவரும் உறுப்பு கல்லீரல். அதன் கணக்கு எதுவென்று அறிந்துகொள்ளும் வாய்ப்பு நம் முன்னோர்க்குக் கிட்டவில்லை, நமக்குக் கிட்டியிருக்கிறது.